மறுபடி நிற்கும் ஊராட்சித் தலைவரை எதை வைத்து எடை போடுவது?

கேள்வி கேட்டவர் கூடுவாஞ்சேரி பக்கம் ஓர் ஊராட்சியில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. வயல் இருந்த இடமெல்லாம் இப்போது ஏதோ ஒரு நகர், ஏதோ ஒரு அவென்யூ. 2021-இல் ஜெயித்த தலைவர் மறுபடி நிற்கப்போகிறார். "ரோடு போட்டார், லைட் போட்டார், நல்ல மனுஷன்" என்கிறார்கள் ஊர்க்காரர்கள். கேட்டவரின் தெருவுக்கு இன்னும் குடிநீர் வரவில்லை, குப்பையை ஏரிக்கரையில் கொட்டி எரிக்கிறார்கள். இவருக்கு ஓட்டுப் போடலாமா, எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டிருக்கிறார்.

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் முப்பது வருடத்துக்குப் பக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ தலைவர்கள் வந்து போவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். போடலாமா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் ஓட்டு. எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் வளர்கிற ஊராட்சியில் பெரும்பாலானவர்கள் தப்பான இடத்தில் பார்க்கிறார்கள்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா? கோபித்துக்கொள்ளாதீர்கள், புதிதாகக் குடிவந்தவர்களிடம் நான் எப்போதும் முதலில் கேட்பது இதைத்தான். உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனியாக யாரும் வீடு வீடாக வந்து பெயர் எடுப்பதில்லை. சட்டமன்றத் தேர்தலுக்கான பட்டியலை வைத்துத்தான் மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டு வாரியாகப் பிரிக்கிறது. நீங்கள் குடியிருப்பது இங்கே, பெயர் இருப்பது மாம்பலத்திலோ மதுரையிலோ என்றால், அந்தத் தலைவரின் கணக்கில் நீங்கள் இல்லவே இல்லை. ஒரு நகரில் 200 வீடு இருந்து அதில் 40 வீட்டுக்காரர்கள்தான் பட்டியலில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஊரில் ஒரே தெருவில் 150 ஓட்டு இருக்கிறது. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு பைப் லைன்தான் போட முடியும் என்றால் அது எங்கே போகும்? அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, நல்லவராக இருந்தாலும் அங்கேதான் போகும். தலைவர் தேர்தலில் பத்து இருபது ஓட்டில் முடிவு மாறிய ஊராட்சிகளை நானே பார்த்திருக்கிறேன். இடம் மாறியவர்கள் படிவம் 8 கொடுத்து பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் இருக்காது.

சரி, இப்போது பணம். இது கொஞ்சம் சலிப்பாக இருக்கும், ஆனால் இது புரியாமல் எந்தத் தலைவரையும் நியாயமாக எடை போட முடியாது. ஊராட்சிக்கு மேலே இருந்து வருவது முக்கியமாக இரண்டு: மத்திய நிதிக்குழு மானியம், மாநில நிதிக்குழு மானியம். இரண்டுக்கும் மக்கள்தொகைதான் முக்கிய அடிப்படை, அந்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் வந்தது. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டது. உங்கள் ஊராட்சியில் 2011-இல் 5,000 பேர் இருந்து இப்போது 20,000 பேர் இருக்கிறார்கள் என்றால், மானியம் இன்னும் அந்த 5,000 பேருக்குத்தான் வந்துகொண்டிருக்கும். மீதி 15,000 பேருக்கும் தண்ணீர், விளக்கு, குப்பை எல்லாம் அதே பணத்தில்தான். அதிலும் 2021 முதல் 2026 வரையிலான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள், 40 சதவீதத்தைத்தான் ஊராட்சி தன் தேவைக்கு ஏற்பப் பயன்படுத்த முடிந்தது.

அப்படியென்றால் வளர்கிற ஊரில் தலைவர் நினைத்தால் கூட்டக்கூடிய பணம் எது? சொந்த வருவாய். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம், இவற்றோடு மனை விற்கும்போது முத்திரைத் தீர்வையோடு சேர்த்துப் பிடிக்கும் 2 சதவீதக் கூடுதல் வரியிலிருந்து வரும் தொகை. ஊர் வளர வளர இதெல்லாம் தானாக ஏற வேண்டும். ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இதுதான் நான் முதலில் பார்க்கச் சொல்லும் இடம். ஐந்து வருடத்தில் வீடுகள் இரண்டு மடங்காகி, வீட்டு வரி வசூல் அப்படியே கிடந்தால், அங்கே ஏதோ சரியில்லை. ஒன்று புதிய வீடுகளுக்கு வரி போடவே இல்லை, அல்லது இரண்டு மாடி வீட்டை ஓடு வேய்ந்த சின்ன வீடு போலப் பதிந்து வைத்திருக்கிறார்கள். தேர்தல் வருகிற வருடத்தில் வரி போட்டால் ஓட்டு போய்விடும் என்ற பயம் எல்லாத் தலைவர்களுக்கும் உண்டு. அந்தப் பயத்தை மீறி, எல்லா வீட்டையும் அளந்து, ஒழுங்காக வரி போட்டு, ரசீது கொடுத்து, அந்தப் பணத்தில் கூடுதலாகத் துப்புரவு ஆட்களைப் போட்ட ஒரு தலைவரை எனக்குத் தெரியும். அவரை ஊரில் பாதிப் பேர் திட்டினார்கள். என் கணக்கில் நான் பார்த்த தலைவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் அவர்தான்.

இதையெல்லாம் பார்க்க நீங்கள் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் பெயரைப் போட்டால் நிதிக்குழுப் பணத்தில் எந்த வேலை, எவ்வளவு, யாருக்குப் பணம் போயிற்று என்பது வரும். சொந்த வருவாயின் முழு விவரம் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) இருப்பார்கள், வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிக்கு ஒருவர். உங்களுக்கு வேண்டியவர் இரண்டாமவர். இது தெரியாமல் முதலாமவர் அறை வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நிலம். புறநகர் ஊராட்சியில் பணத்தை விடப் பெரிய விஷயம் இதுதான், இங்கேதான் மக்கள் கண்ணே போவதில்லை. அனுமதி பெற்ற லேஅவுட் போடும்போது சாலைகளையும் பூங்கா இடத்தையும் மனை போடுபவர் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடம் என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டே ஆக வேண்டும், ஓ.எஸ்.ஆர். என்று சொல்வார்களே அது. அனுமதி கொடுப்பது சி.எம்.டி.ஏ.வோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) டி.டி.சி.பி.யோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்). 2022 அக்டோபரில் சி.எம்.டி.ஏ. எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். ஆனால் எழுதிக் கொடுத்த நிலத்தைக் காப்பாற்ற வேண்டியது ஊராட்சி, அதாவது தலைவர்.

என்ன நடக்கிறது தெரியுமா? பத்திரம் பதிவாகும், பட்டா மாறாது. வருவாய்க் கணக்கில் இடம் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கும். வேலி கிடையாது, போர்டு கிடையாது. நான்கு வருடம் முள்செடி வளர்ந்து கிடக்கும். பிறகு ஒரு நாள் அதன் ஓரத்தில் ஒரு கொட்டகை வரும், அப்புறம் ஒரு சின்னக் கோயில், அல்லது ஒரு கட்சிக் கொடிக்கம்பம், கடைசியில் யாரோ ஒருவர் 'இது என் தாத்தா சொத்து' என்று கோர்ட்டுக்குப் போவார். நான் வேலை பார்த்த ஓர் ஒன்றியத்தில் ஒரு பூங்கா இடத்தை இரண்டு மனையாகப் பிரித்து விற்றே விட்டார்கள். வாங்கியவர்கள் கடன் போட்டு வீடு கட்டிக் குடியேறிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் குடும்பங்களின் அழுகையை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. அந்த நேரத்தில் பதவியில் இருந்த தலைவர் காசு வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. ஐந்து வருடமும் அந்த இடத்தைச் சுற்றி நாலு கல்தூணும் ஒரு கம்பியும் போடவில்லை என்பது தெரியும். அதைப் போட ஆகும் செலவு ஒரு ஹைமாஸ்ட் விளக்கின் செலவில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே உங்கள் தலைவரிடம் கேட்க வேண்டிய கேள்வி நேரடியானது. இந்த ஐந்து வருடத்தில் எத்தனை லேஅவுட் வந்தது, அதில் எத்தனை பூங்கா இடம் ஊராட்சி பெயரில் பட்டா மாறியிருக்கிறது, எத்தனைக்கு வேலி இருக்கிறது? நல்ல தலைவர் என்றால் விரலை விட்டு எண்ணிச் சொல்வார். அந்த இடங்களில்தான் நாளைக்கு உங்கள் மேல்நிலைத் தொட்டி, அங்கன்வாடி, குப்பை பிரிக்கும் கொட்டகை எல்லாம் வர முடியும். இடம் போய்விட்டால் அடுத்து வருபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ரோட்டுக்கு வருகிறேன். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னால் பேவர் பிளாக் சாலை முளைப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான், அதை நான் குறையாகச் சொல்லவில்லை, சாலை வேண்டியதுதானே. ஆனால் எப்படிப் போட்டார்கள் என்று பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டால் ஒவ்வொரு முறையும் சாலை உயரும், வீட்டு வாசல் பள்ளமாகும். வடிகால் இல்லாமல் போட்டால் மழைத் தண்ணீர் உங்கள் போர்டிகோவில் நிற்கும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாற்று வெள்ளம் மாடி வரை ஏறியதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நீர் வரும் வழியிலும் போகும் வழியிலும் மனை போட்டு, சாலையை உயர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பகுதி மக்கள் கொடுத்த விலை பெரியது. உங்கள் ஊர் ஏரிக்கு வரும் கால்வாய் எது, உபரி நீர் போகும் கால்வாய் எது என்று பழைய ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டு நடந்து பாருங்கள். அது அடைபட்டிருந்தால் யார் காலத்தில் அடைபட்டது என்று கேளுங்கள். இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். எல்லா ஏரியும் ஊராட்சியுடையது இல்லை. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ளவை நீர்வளத் துறையுடையவை, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துடையவை, குளம் குட்டைகள்தான் நேரடியாக ஊராட்சியின் கையில். துறையின் ஏரியைத் தூர்வாரவில்லை என்று தலைவரைத் திட்டுவதில் பயனில்லை. ஆனால் ஏரிக்கரையில் குப்பை கொட்டி எரிப்பது வேறு விஷயம். கொட்டுவது ஊராட்சியின் வண்டி என்றால் அதற்கு அவர்தான் பொறுப்பு, துறையைக் கை காட்ட முடியாது.

குப்பையைப் பற்றி நீங்கள் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், அது நியாயமான வருத்தம். ஊராட்சிக்குத் தூய்மைக் காவலர்களை ஒதுக்கும் எண்ணிக்கையும் பழைய கணக்கை ஒட்டித்தான் இருக்கும். 4,000 வீட்டுக் குப்பையை எட்டுப் பத்துப் பேர் அள்ள வேண்டிய நிலைமையில் பல ஊராட்சிகள் இருக்கின்றன. அந்தப் பெண்கள் காலை ஆறு மணிக்கு மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு மாதா மாதம் சம்பளம் தாமதமில்லாமல் போகிறதா, கையுறை கொடுத்திருக்கிறார்களா என்று அவர்களிடமே விசாரியுங்கள். ஒரு தலைவரைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் சாதி, கட்சி, பங்காளிச் சண்டை எல்லாம் கலந்துதான் பதில் வரும். தூய்மைக் காவலர்களிடமும் தண்ணீர் திறந்துவிடும் தொட்டி ஆபரேட்டரிடமும் கேட்டால் உண்மை கிடைக்கும்.

குடிநீரில் தலைவருக்குப் பாதிதான் கை. பாலாற்றுப் படுகையிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் குடிநீர் வடிகால் வாரியத்துடையது. அங்கிருந்து எத்தனை லிட்டர் வருகிறது என்பது அவர் முடிவு செய்வதில்லை. வந்த தண்ணீரை எப்படிப் பங்கு போடுகிறார் என்பது முழுக்க அவருடையது. பழைய ஊருக்குத் தினமும், நகர்களுக்கு வாரம் ஒரு முறையும் என்றால் காரணம் கேளுங்கள். பிரதான குழாயில் மோட்டார் வைத்து இழுப்பவர்களைப் பிடித்தாரா என்றும் கேளுங்கள். அந்த மோட்டார் வைத்திருப்பவர் பெரும்பாலும் ஊரில் செல்வாக்கானவராகத்தான் இருப்பார், ஆகவே பிடித்திருந்தால் அதை ஒரு பெரிய மதிப்பெண்ணாகப் போடலாம். உங்கள் நகர் அனுமதியில்லாத மனைப்பிரிவாக இருந்து பின்னால் வரன்முறை செய்யப்பட்டது, அதாவது சட்டப்படி ஏற்கப்பட்டது என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு 2017-இல் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தார்கள், தனித்தனி மனைகள் வரன்முறையாகியிருக்கும், ஆனால் சாலை ஊராட்சிக்கு எழுதித் தரப்படாமல் கிடக்கும். ஊராட்சிப் பெயரில் இல்லாத சாலையில் அரசுப் பணத்தில் குழாய் பதித்தால் தணிக்கையில் மாட்டுவார்கள். உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராததற்கு இதுதான் காரணமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இதுதான் காரணம் என்றால் அதைத் தீர்க்க உங்கள் நகர் நலச்சங்கமும் கொஞ்சம் ஓட வேண்டியிருக்கும்.

கிராம சபை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் நடந்தது, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறு நாள். 10,000 பேருக்கு மேல் உள்ள ஊராட்சி என்றால் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், கோரம் என்பது அதுதான், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர். பல இடங்களில் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கி எண்ணிக்கையைக் காட்டிவிடுவார்கள். நகர்களில் இருப்பவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. விடுமுறை நாளில்தான் நடக்கிறது, காலை பதினோரு மணிக்கு ஒரு மணி நேரம், அதற்குக்கூட வராமல் ஊராட்சி சரியில்லை என்று சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. போய் உட்காருங்கள். வரவு செலவை வாசிக்கிறார்களா, கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள், தீர்மானத்தை எழுதிய பிறகு கையெழுத்து வாங்குகிறார்களா, அல்லது வெற்றுப் பக்கத்தில் முதலிலேயே வாங்கிவிடுகிறார்களா என்று பாருங்கள். ஒரே ஒரு கிராம சபையைக் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தால் அந்தத் தலைவரைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிடும்.

யார் பதில் சொல்கிறார்கள் என்று சொன்னேன், அதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் 50 சதவீத இடங்கள் பெண்களுக்கு. எத்தனையோ பெண் தலைவர்கள் அருமையாக நிர்வாகம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தலைவரின் நாற்காலியில் அவருடைய கணவர் உட்கார்ந்து, வருகிறவர்கள் அவரையே 'தலைவரே' என்று கூப்பிடும் ஊர்களும் நிறைய. உங்கள் ஊரில் நிலைமை அப்படியானால், நீங்கள் ஓட்டுப் போடுவது யாருக்கு என்று யோசியுங்கள். சட்டப்படி கையெழுத்துப் போடுகிறவர்தான் பதில் சொல்ல வேண்டியவர். காசோலைக்கு, இப்போதெல்லாம் டிஜிட்டல் கையெழுத்துக்கு, தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்துதான் ஒப்புதல் தர வேண்டும். துணைத்தலைவர் ஐந்து வருடமும் தலைவரோடு முட்டிக்கொண்டே இருந்தால் ஒரு வேலையும் நகராது, இருவரும் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தாலும் கவலைப்பட வேண்டும். முறைகேடு என்று நிரூபணமானால் மாவட்ட ஆட்சியர் செக் பவரைப் பறிக்கலாம், ஊராட்சிகள் சட்டம் 205-வது பிரிவில் பதவியிலிருந்தே நீக்கலாம். ஆனால் வாக்காளர்களாகிய நீங்கள் நடுவில் அவரைத் திரும்ப அழைக்க வழியில்லை. தேர்தல் ஒன்றுதான் உங்கள் கையில்.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. 2019 தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளர் செலவழிக்கலாம் என்று ஆணையம் வைத்த வரம்பு 34,000 ரூபாய். தலைவருக்கு மாத மதிப்பூதியம் 2,000 ரூபாய். ஐந்து வருடத்துக்குக் கூட்டினால் ஒரு லட்சத்து இருபதாயிரம். புறநகர் ஊராட்சிகளில் ஓட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், போட்ட பணம் எங்கிருந்து திரும்ப வரும் என்ற கேள்வி வருகிறது. மனை அனுமதி, தானப் பத்திர நிலம், ஒப்பந்த வேலை, இந்த மூன்றைத் தவிர ஊராட்சியில் பெரிதாக வேறு எதுவும் இல்லை. உறையை வாங்கிக்கொண்டு மாற்றிப் போட்டேன் என்று சொல்பவர்கள் உண்டு, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாங்காதீர்கள்.

மறுபடி ஜெயிப்பதற்காக நல்லது செய்தவர்களும் தமிழ்நாட்டில் உண்டு, நம்பிக்கை போய்விடக் கூடாது என்பதற்காக இரண்டு பேரைச் சொல்கிறேன். திருமழிசை பக்கத்தில் குத்தம்பாக்கம். அறிவியலாளர் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கு வந்த இளங்கோ ரங்கசாமி 1996-இல் தலைவரானார். கழிவாகக் கிடந்த கிரானைட் துண்டுகளை வைத்துக் குறைந்த செலவில் வடிகால் கட்டினார், அரசு மதிப்பீட்டில் சொன்னபடி செய்யவில்லை என்று இடைநீக்கமே வந்தது, மக்கள் அவர் பக்கம் நின்றார்கள், திரும்பப் பொறுப்புக்கு வந்து 2001-இலும் ஜெயித்தார். தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளை அங்கே கட்டினார்கள், அந்தக் காலத்தில் அது சாதாரணக் காரியம் இல்லை. இன்னொருவர் மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை சண்முகம், அவரும் 1996 முதல் 2006 வரை இரண்டு முறை. ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கி, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியின் பெயரிலேயே வாங்கினார்கள். சொந்த வருவாய் என்று மேலே சொன்னேனே, அதை ஒரு கிராம ஊராட்சி எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதற்கு அது சாட்சி. இரண்டு பேருமே கணக்கை மக்கள் முன்னால் வைத்தவர்கள்.

நல்லவராகவே இருந்தாலும் எத்தனை முறை நிற்க முடியும் என்பது அவர் கையில் இல்லை. இடஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறும், பொதுவாக இரண்டு தேர்தலுக்கு ஒரு முறை. இன்று பொது இடம், நாளை பட்டியலினத்தவருக்கு, அல்லது பெண்களுக்கு. அப்படி மாறும்போது அதே வீட்டிலிருந்து வேறொருவர் வருகிறாரா என்பதையும் கவனியுங்கள்.

இன்னொன்று உங்கள் பகுதிக்கே உரியது. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30-இல் பேருந்து முனையம் திறந்த பிறகு ஜி.எஸ்.டி. சாலையின் (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) இரண்டு பக்கமும் மனை விலை எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். இப்படி வளர்கிற ஊராட்சிகளை நகராட்சியோடோ மாநகராட்சியோடோ சேர்க்கும் பேச்சு வந்துகொண்டே இருக்கிறது, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது, 2025 தொடக்கத்தில் மாநிலம் முழுக்கப் பல ஊராட்சிகளை இணைக்கும் அறிவிப்பு வந்து பல ஊர்களில் போராட்டமும் நடந்தது. சேர்த்தால் தலைவர் பதவி என்பதே இருக்காது, வார்டு கவுன்சிலர்தான், நகராட்சித் தலைவரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் பெரும்பாலான தலைவர்கள் இணைப்பை எதிர்ப்பார்கள். எதிர்ப்பதற்கு நியாயமான காரணங்களும் உண்டு: நூறு நாள் வேலை போகும், வரி ஏறும், பழைய ஊரின் ஏழைகளுக்கு அது பெரிய அடி. ஆனால் பாதாளச் சாக்கடை போன்றவை ஊராட்சிப் பணத்தில் வரவே வராது. உங்கள் வேட்பாளர் இதில் என்ன நினைக்கிறார், யாருடைய நன்மையை மனதில் வைத்து அப்படி நினைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பழைய ஊருக்கும் நகருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறாரா என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

தலைவர் தேர்தல் கட்சி சார்பற்றது. சின்னம் ஆணையம் கொடுக்கும் சுயேச்சைச் சின்னம்தான். மெஷின் கிடையாது, நான்கு நிறத்தில் நான்கு வாக்குச் சீட்டு தருவார்கள், தலைவருக்கானது இளஞ்சிவப்பு. வார்டு உறுப்பினர் சீட்டையும் அதே கவனத்தோடு போடுங்கள். தலைவரைக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கக்கூடிய ஆள் அங்கே ஒருவராவது வேண்டும்.

பிரச்சாரத்துக்கு உங்கள் தெருவுக்கு வருவார் இல்லையா, அப்போது வாசலில் நின்று தண்ணீர் எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள், 'அடுத்த மாதம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எங்கள் நகரின் சாலையும் பூங்காவும் ஊராட்சி பெயரில் இருக்கிறதா, பத்திர எண் என்ன, போன வருடம் வீட்டு வரி எவ்வளவு வசூலானது, குப்பைக்கு இடம் எங்கே பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட நிறுத்திக்கொண்டு கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, எதிர்த்து நிற்பவர் வரும்போது அவரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.